கடைசி நொடியிலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்

கேள்வி: ஆறு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, கிளைச் சாலையிலிருந்து ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்துவிட்டது. எனக்கும் அதற்கும் நடுவே 40 மீட்டர் இருந்திருக்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. பிரேக் போய்விட்டது என்றே நினைத்தேன். 'அவ்வளவுதான், முடிந்தது' என்று தோன்றியதும் காலை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். லாரியின் பின்மூலையில் கார் மோதியது. பெல்ட் போட்டிருந்ததால் நான் பிழைத்தேன். குழந்தை இருக்கையில் இருந்த நான்கு வயது மகளுக்குக் கீறல்கூட இல்லை. பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அம்மாவுக்குத்தான் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டீயரிங்கை ஒடித்திருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்க வேண்டும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். உடம்பைத் தளர்வாக விட்டிருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். உண்மையில் அந்த நொடியில் என்ன செய்திருக்க வேண்டும்? பழுது பார்த்து கார் வந்துவிட்டது. சாவியைத் தொடவே கை நடுங்குகிறது.

பதில்:

சகோதரி, குறுக்கே வந்தது லாரி. அதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடந்ததற்கு உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: 'அவ்வளவுதான், முடிந்தது.' ஓட்டுநர் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் நான் அதிகம் பயப்படுவது இந்த நினைப்புக்குத்தான். மோதப்போகிறோம் என்று தெரிந்ததும் மனம் கதையை முடித்துவிடுகிறது. கார் முடிக்கவில்லை. அதற்கும் லாரிக்கும் நடுவே இன்னும் பத்து, பதினைந்து மீட்டர் சாலை மிச்சம் இருக்கிறது. அந்தச் சாலையில் பிரேக் வேலை செய்யும்.

மோதுவோமா, மாட்டோமா என்று மட்டுமே நாம் பார்க்கிறோம். எந்த வேகத்தில் மோதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஆஸ்பத்திரியா, வீடா என்பதே அமைகிறது. மோதலின் வலு வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. திருப்பிச் சொன்னால், வேகத்தைப் பாதியாக்கினால் அடி கால்வாசிதான். கடைசி நேரத்தில் குறைக்கும் ஒவ்வொரு பத்து கிலோமீட்டரும் அவ்வளவு பெறும்.

உங்கள் சம்பவத்தையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த சாலை, நல்ல டயர் என்று வைத்துக்கொள்வோம். 70 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. லாரியைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு நொடி. அதிலேயே 40 மீட்டரில் பாதி போய்விட்டது. மீதி இருபது மீட்டரும் காலை எடுக்காமல் முழு பிரேக்கில் வந்திருந்தால், மோதும்போது வேகம் சுமார் 34 கி.மீ. இருந்திருக்கும். பெடல் உதறியதும் பயந்து, எட்டு மீட்டர் போனதுமே காலை எடுத்துவிட்டிருந்தால் சுமார் 59 கி.மீ. இந்த இரண்டுக்கும் நடுவே அடியின் வலு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபடுகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எல்லோருக்கும் பொது: அதே இடத்தில் 60-ல் வந்திருந்தால், அதே ஒரு நொடித் தாமதத்தோடும் கார் லாரிக்கு மூன்று மீட்டர் முன்னாலேயே நின்றிருக்கும். வெறும் பத்து கிலோமீட்டர் வித்தியாசம்.

வேகம் குறைவதில் இன்னொரு லாபமும் உண்டு. லாரி நின்ற இடத்தில் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தது. நீங்கள் அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அது அரை நொடித் தூரம் தள்ளிப் போயிருக்கும். பின்மூலையில்தான் மோதினீர்கள் என்கிறீர்கள். இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

சரி, அந்த உதறலுக்கு வருவோம். காலுக்கடியில் கடகடத்தது ஏபிஎஸ். பிரேக் போகவில்லை, முழு வலுவோடு வேலை செய்துகொண்டிருந்தது. ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் கார் வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. அப்படிப் பூட்டாமல் இருக்க இந்த அமைப்பு பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. அந்த விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் பெடலில் அதிர்வாக, அடியிலிருந்து வரும் கரகரப்பாக உங்களுக்குத் தெரிந்தது. இன்றைய மின்னணு வடிவில் 1978-ல் கார்களில் வரத் தொடங்கிய தொழில்நுட்பம் இது. ஆனால் ஒருமுறைகூட அதைக் காலால் உணராமலேயே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்கள் ஏராளம். பயிற்சி மைதானத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். 'முழுசா மிதியுங்கள்' என்று சொல்வேன். மிதிப்பார்கள். பெடல் முதல்முறை உதைத்ததுமே குதிகால் தரையிலிருந்து எழும்பி, கால் பின்னால் வந்துவிடும். சூடான பாத்திரத்தைத் தொட்ட கை மாதிரி. இரண்டாம் முறையும் அப்படித்தான். நான்காம், ஐந்தாம் முறையில்தான் கால் அங்கேயே நிற்கக் கற்றுக்கொள்கிறது. அதுவரை ஓட்டியவருக்கே தன் கார் எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பது தெரிந்திருக்காது. நின்றதும் ஆச்சரியத்தோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மிதிக்கிறவர்களிலும் பலர் போதுமான அளவு மிதிப்பதில்லை. வேகமாகக் காலைக் கொண்டுபோவார்கள், ஆனால் அழுத்தம் பாதிதான் இருக்கும். இதைக் கவனித்துத்தான், ஆபத்தில் மிதிக்கிறார் என்று காரே கண்டுகொண்டு பிரேக்கை முழு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு 1996-லிருந்து கார்களில் வந்தது. இப்போது தானாகவே பிரேக் போடும் அமைப்பும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். உங்கள் காரில் இவையெல்லாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெடலைத் தரைவரை அழுத்தி, கார் முற்றிலும் நிற்கும்வரை அங்கேயே வைத்திருங்கள். கியர் வண்டி என்றால் பிரேக்கே முதலில். கிளட்ச் அதற்கு அப்புறம். என்ஜின் அணைந்துபோனால் போகட்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியாக இருந்தால் மட்டும் கதை வேறு: சக்கரம் வழுக்குவது தெரிந்தால் ஒரு கணம் லேசாகத் தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். ஏபிஎஸ் உள்ள காரில் அப்படி விட்டுவிட்டு மிதித்தால் நிற்கும் தூரம் கூடிவிடும்.

அண்ணன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். ஸ்டீயரிங்கை ஒடிப்பது எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். வேகம் கூடினால், நின்று தப்புவதைவிட விலகித் தப்புவதற்குக் குறைவான தூரமே போதும். ஆனால் விலகிப்போகும் இடம் காலியாக இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த நொடியில் தலையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லாரிக்குத் தப்பி, எதிரே வரும் பஸ்ஸிடம் போய் மாட்டினால் என்ன பயன்? எதிர்த்தடத்துக்குள் மட்டும் ஒருபோதும் ஒடிக்காதீர்கள். எதிரே உங்கள் தடத்திலேயே ஒருவர் வந்துகொண்டிருந்தாலும் சரி. கடைசி நொடியில் அவர் சுதாரித்துத் தன் தடத்துக்குத் திரும்பத்தான் பார்ப்பார். நீங்கள் அங்கே போயிருந்தால் இருவரும் அங்கே நேருக்கு நேர் சந்திப்பீர்கள். போவதானால் உங்கள் பக்கத்து ஓரம். மண்ணோ புதரோ வாய்க்காலோ, எதிரே வரும் வண்டியைவிட அதுவே மேல்.

திருப்பும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். டயருக்குச் சாலையில் இருக்கும் பிடி ஒரே கைமுதல் மாதிரி. பிரேக்குக்குச் செலவழித்தது போக மிச்சம்தான் திருப்பத்துக்கு. அதனால் முதலில் நேராகப் போட்டு வேகத்தைக் கொட்டுங்கள். வேகம் குறைந்த பிறகு திருப்புங்கள். ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை மிதித்தபடியே திருப்பலாம். ஆனால் சின்னத் திருப்பம். கால் சுற்று போதும். முழுசாக வளைத்தால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது, அல்லது கேட்டு எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். ஓரத்து மண்ணில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிட்டாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். பதறி வெடுக்கென்று சாலைக்கு ஏற்றினால் டயர் சாலை விளிம்பில் உரசி நின்று, ஒரேயடியாக ஏறும்போது கார் சாலைக்குக் குறுக்கே எதிர்த்தடம்வரை போய்விடும். இறங்கியது இறங்கட்டும் என்று நேராகவே ஓட்டி, வேகத்தைக் குறைத்து, அப்புறம் மெதுவாக ஏறுங்கள்.

குறுக்கே போகிற எதுவானாலும், லாரியோ மாடோ, விலக நேர்ந்தால் அதன் வால்பக்கம் விலகுங்கள். அது போய்விட்ட இடம்தான் காலியாகும். அதன் முன்பக்கம் இன்னும் அடைபடப்போகிற இடம். நம் கை தானாகத் திருப்புவது பெரும்பாலும் முன்பக்கம்தான், ஏனென்றால் கண் அந்த வண்டியைப் பின்தொடர்ந்துகொண்டே போகிறது. கண் போகும் வழியில் கை போகும். அதனால்தான் கண்ணை மூடக் கூடாது என்றும், மோதப்போகிற பொருளையே வெறித்துப் பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறோம். தப்பிக்கும் இடைவெளியைத் தேடிப் பாருங்கள். அகலமான சாலையில் தனியாக நிற்கும் ஒரு கம்பத்தில் போய்ச் சரியாக மோதிய வண்டிகள் எத்தனையோ. ஓட்டியவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

மோதித்தான் ஆக வேண்டும், எதில் என்று தேர்ந்தெடுக்க ஒரு துளி இடம் இருக்கிறது என்றால்? உங்கள் தடத்திலேயே அதே திசையில் போகும் வண்டியின் பின்னால் மோதுவது, நிற்கும் வண்டியில் மோதுவதைவிடத் தேவலை. நிற்கும் வண்டி, எதிரே வரும் வண்டியைவிடத் தேவலை. மரமும் கம்பமும் மிக மோசம், ஏனென்றால் அவை நெளியாது. அடி முழுவதும் ஒரு குறுகிய இடத்தில் இறங்கும். சாலையோரத் தடுப்புக் கம்பியில் சாய்வாக உரசிக்கொண்டே போவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வேகம் அந்த உரசலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

காரின் முன்பக்கம் நசுங்குவதற்கென்றே கட்டப்பட்டது. நசுங்கும் உலோகம் அடியை வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் கூடு நிற்கிறது. பக்கவாட்டில் அந்த வசதி கிடையாது. கதவுக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். ஆகவே அடி விழப்போகிறது என்றால் மூக்கால் வாங்குங்கள், விலாவால் வேண்டாம். அதிலும் ஹெட்லைட் மூலை மட்டும் போய் மரத்தில் இடிப்பது கெட்டது, நசுங்கும் பகுதியை அந்த அடி தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வமைப்பு 2012-ல் இந்த மூலை மோதலுக்கென்றே தனிச் சோதனையைத் தொடங்கியது. மற்றச் சோதனைகளில் நன்றாகத் தேறிய கார்கள் பல இதில் தடுமாறின. லாரியிடம் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் தட்டு உயரமானது. காரின் நசுங்கும் பகுதி அதற்கு அடியில் நுழைந்துவிடும், தட்டு நேராகக் கண்ணாடிக்கு வரும். லாரி முன்னால் இருக்கும்போது வேகத்தைக் குறைப்பது தவிர வேறு உபாயம் அதிகம் இல்லை.

எந்தக் கணக்கிலும் சேராத ஒரு விதி இருக்கிறது. நடந்து போகிறவர், சைக்கிள், பைக் இருக்கும் பக்கம் ஒடிக்கவே கூடாது. உங்களைச் சுற்றி இரும்புக் கூடும் பெல்ட்டும் காற்றுப்பையும் இருக்கின்றன. அவர்களைச் சுற்றி எதுவும் இல்லை. நாயோ முயலோ குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் போடுங்கள். மனம் வலிக்கும், ஆனாலும் அதற்காகத் தடம் மாறாதீர்கள்.

ஹேண்ட் பிரேக் யோசனையை மறந்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். வேகத்தில் இழுத்தால் கார் பம்பரம் போலச் சுற்றி, மேலே சொன்ன அந்தப் பலவீனமான பக்கவாட்டைக் கொண்டுபோய் லாரியிடம் கொடுக்கும்.

உடம்பைத் தளர்த்துவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மோதல் என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான். கண் இமைப்பதற்குள் என்பது இங்கே சொல் அலங்காரமே இல்லை. அதற்குள் தளர்வதா, இறுக்குவதா என்று யோசிக்க முடியாது. பிரேக்கை அழுத்தும் கால் எப்படியும் விறைத்துத்தான் இருக்கும், இருக்கட்டும். முதுகும் தலையும் சீட்டோடு ஒட்டியிருக்கட்டும். கைகள் ஸ்டீயரிங்கின் இரு பக்கத்திலும், கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில், முழங்கை சற்று மடங்கியபடி இருக்கட்டும். முகத்தை மூடிய கையைப் பற்றி ஒரு வார்த்தை: ஏர்பேக் 0.03 நொடியில் விரிகிறது. அதற்கும் முகத்துக்கும் நடுவே கை இருந்தால், அந்தக் கையையே முகத்தில் அறைந்துவிடும். உங்களுக்கு அப்படி ஆகாதது நல்ல காலம். சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கவும் முயலக் கூடாது. ஏர்பேக் விரியாமல் போகலாம்.

உண்மையில் உட்காரும் முறையெல்லாம் வண்டியைக் கிளப்பும் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி. பிரேக்கைத் தரைவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும்; கால் முழுக்க நீண்டுவிட்டால் அழுத்த வலு இருக்காது. ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு. அது சாய்ந்து ஓய்வெடுக்க வைத்த தலையணை என்று பலர் நினைக்கிறார்கள். பின்னாலிருந்து ஒருவர் இடிக்கும்போது கழுத்து பின்னால் மடியாமல் காப்பது அதுதான். மிரரில் ஒருவர் நிற்காமல் வருவது தெரிந்தால், தலையை அதில் அழுத்தி, நேராகப் பார்த்து, பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். கார் நின்றது, அம்மா நிற்கவில்லை. கார் வந்த அதே வேகத்தில் அவர் முன்னால் வந்தார், முன்சீட் அவரை நிறுத்தியது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால் உங்கள் முதுகிலோ குழந்தையின் மேலோ விழுந்திருப்பார். மூன்று இடத்தில் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்தார். மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையை அந்த நிறுவனம் திறந்துவிட்டது. அந்தப் பெல்ட் பின்சீட்டிலும் இருக்கிறது. கிட்டப் போவதானாலும் எட்டப் போவதானாலும், எல்லோர் பெல்ட்டும் மாட்டிய சத்தம் கேட்காமல் கியரைத் தொடாதீர்கள். 'பின்னாலதானே இருக்கேன், எனக்கு எதுக்கு?' என்று அம்மா கேட்டால், தோளைக் காட்டுங்கள்.

மோதியதும் காலை எடுத்துவிடாதீர்கள். முதல் அடியில் நகர்ந்த கார் போய் இரண்டாவது அடி வாங்குவது சகஜம். நின்றபின் என்ஜினை அணைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் சாலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். கார்களுக்கு நடுவே நின்று சேதம் பார்க்க வேண்டாம். அடிபட்டவரை, தீ போன்ற ஆபத்து இல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் விடுங்கள்.

கை நடுங்குவதற்கு நான் சொல்லும் மருந்து ஒரு காலி மைதானம். பக்கத்தில் பயிற்சியாளர் ஒருவர், பின்னால் வண்டி எதுவும் கிடையாது. 30 கி.மீ.யில் தொடங்கி முழு பிரேக், அப்புறம் 40, அப்புறம் 50. பெடல் உதற உதற கால் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு காலை வேளையில் பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும். அந்தக் கடகடப்பு உங்கள் காலுக்குப் பழகிய சத்தமாகிவிடும். அதற்குப் பிறகும் பயம் போகாமல், தூக்கம் கெடும் அளவுக்கு அந்த நொடி திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மைதானத்துக்குப் போவதற்கு முன் பழுது பார்த்த இடத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். விரிந்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது வைத்தார்களா? மோதலில் இழுபட்ட சீட் பெல்ட்டை மாற்றினார்களா? மோதும் கணத்தில் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் கருவி ஒருமுறைதான் வேலை செய்யும். பார்க்க நன்றாக இருந்தாலும் அடுத்த முறை கைவிட்டுவிடும். அப்படியே மகளின் குழந்தை இருக்கையையும் மாற்றிவிடுங்கள். அவளைக் காப்பாற்றிய அதே இருக்கைதான், தூக்கிப் போட மனம் வராது. ஆனால் இப்படியொரு மோதலைத் தாங்கிய இருக்கையின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். புதியது வந்த பிறகே அவளைக் காரில் ஏற்றுங்கள்.